ராக்கெட் வக்கீல்

கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும் பொறுப்பை என் சித்தி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "இவ எங்க அக்கா பொண்ணு. ராக்கெட் வக்கீல்!" எதிரே இருப்பவர் ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் தவறாமல் அந்தக் கேள்வி வரும்: "நிலாவுல பிளாட் விக்கிறாங்களாமே, வாங்கிப் போடலாமா?"

வேண்டாம். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், நிலாவையோ வேறு கோளையோ எந்த நாடும் தனதென்று சொந்தம் கொண்டாட முடியாது என்று இரண்டாவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. நாட்டுக்கே இல்லாத உரிமையை ஒரு வியாபாரி எங்கிருந்து எடுத்து விற்பார்? பட்டா கிடையாது, வில்லங்கச் சான்று கிடையாது, பதிவு செய்து கொடுக்க சார் பதிவாளரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தி கூப்பிட்டுவிடுவார்கள்.

சித்திக்குத் தெரியாத விஷயம், என் வருஷத்தில் ராக்கெட்டுக்கு, அதாவது விண்வெளிச் சட்டத்துக்கு, போவது ஒரு மாதமோ ஒன்றரை மாதமோதான். மீதி நாளெல்லாம் சமரச மையத்தின் சின்ன அறைகளிலும் ஆர்பிட்ரேஷன் என்கிற நடுவர் தீர்ப்பு மேஜைகளிலும் கழிகிறது. வக்கீல் நண்பர்கள் சிலர், மூன்று குதிரையில் சவாரி செய்கிறாயே என்று கேலி செய்வதுண்டு. முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை.

நான் பார் கவுன்சிலில் பதிவு செய்தது 2004இல். அடுத்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே சமரச மையம் தொடங்கினார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் அதுதான் முதல். அப்போது அது பெரிய விஷயமாக எங்களுக்குப் படவில்லை. என் சீனியர், "சமாதானம் பண்ணி வைக்க வக்கீல் எதுக்கும்மா, ஊர்ப் பெரியவங்க போதாதா?" என்றார். ஒரு வழக்கை நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினால், சீனியர்கள் போகமாட்டார்கள். கேஸ் கட்டைக் கொடுத்து ஜூனியரை அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஜூனியர்களில் நானும் ஒருத்தி. வாய்தா வாங்கப் போகிற மாதிரிதான் முதலில் போனேன்.

பல வருஷம் கழித்து நாற்பது மணி நேரப் பயிற்சி முடித்து நானே சமரசராக உட்கார ஆரம்பித்தேன். அங்கே பேசுவது எதுவும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அதனால் இதைக் கொஞ்சம் ஆள், இடம் மாற்றித்தான் சொல்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. கீழே அண்ணன், மாடியில் தம்பி. பாகப்பிரிவினை வழக்குக்கு வயது பதினொன்று. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தபோது பேச்செல்லாம் சதுர அடி, வழிகாட்டி மதிப்பு, அப்பா எழுதிய உயில் செல்லுமா செல்லாதா என்றே போயிற்று. அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டேன். தம்பி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "மேடம், சதுர அடியை விடுங்க. என் பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடக்குற மாசம். மோட்டார் ஸ்விட்ச் பெட்டியை அண்ணி பூட்டிட்டாங்க. மூணு நாள் குடத்துல தண்ணி தூக்கினோம்." அடுத்து அண்ணன் வந்தார். "ஈ.பி. கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு. ஆறு வருஷமா மோட்டார் கரண்ட்டுக்கு நான்தான் கட்டறேன். ஒரு தடவையாவது, எவ்வளவு ஆச்சுன்னு கேட்டானா?"

பிராதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதில் மனுவையும் பார்த்தேன். இரண்டிலும் மோட்டார் என்ற சொல்லே இல்லை. பதினொரு வருஷம் ஒரு வழக்கு, அதில் இல்லாத ஒரு ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி நடந்திருக்கிறது. உடன்படிக்கையின் முதல் ஷரத்து: மாடிக்குத் தனி மின் இணைப்பு, தனி மோட்டார், பழைய பில்லில் பாதியைத் தம்பி கொடுப்பது. அதை எழுதி முடித்ததும் வீட்டைப் பிரிப்பது இரண்டு அமர்வில் முடிந்துவிட்டது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் முழுசாகத் திரும்ப வந்தது. (நீதிமன்றம் அனுப்பாமல் கட்சிக்காரர்கள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அதுவும் நம் சென்னையிலிருந்து போன வழக்குதான். நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.)

ஆர்பிட்ரேஷன் வேறு ரகம். அங்கே சமாதானம் பேசுவதில்லை, தீர்ப்புதான். ஆனால் நீதிபதியை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள், அவருக்குச் சம்பளமும் நீங்களே கொடுக்கிறீர்கள், நடக்கும் இடமும் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதியதுதான். என் முதல் ஆர்பிட்ரேஷனில் என் வேலை ஆவணங்களைத் தொகுத்துப் பக்க எண் போடுவது. ஆறு வால்யூம். ராத்திரி இரண்டு மணி வரை ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மறுநாள் நடுவர் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "பதினெட்டுக்கு அப்புறம் இருபது வருது. பத்தொன்பது எங்கே?" சரியாக அந்தப் பக்கத்தில்தான், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. அதாவது, அந்த மனிதர் அந்த நாற்காலியில் உட்கார அதிகாரம் கொடுக்கும் ஒரே காகிதம். சீனியர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்றும் எந்த ஒப்பந்தம் கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போவேன்.

விண்வெளிக்கு நான் வந்த வழியும் ஓர் ஆர்பிட்ரேஷன்தான். 2011 பிப்ரவரியில் நாளிதழ்களெல்லாம் ஆண்ட்ரிக்ஸ், தேவாஸ் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, சீனியர் பேப்பரை என் மேஜையில் போட்டு, "ட்ரான்ஸ்பாண்டர்னா என்னம்மா? ரெண்டு பக்கத்துல எழுதிக் கொடு" என்றார். எங்களுக்கு அந்த வழக்கில் சம்பந்தமே கிடையாது. அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். நான் அந்த இரண்டு பக்கத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

சென்னைக்காரர்களுக்கு ட்ரான்ஸ்பாண்டரைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். செயற்கைக்கோள் ஒரு வீடு. தரையிலிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டர் அதில் ஒரு போர்ஷன். இஸ்ரோவின் வணிகக் கையான ஆண்ட்ரிக்ஸ், பெங்களூரு தேவாஸ் மல்டிமீடியா நிறுவனத்தோடு 2005 ஜனவரி 28 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டது. ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ என்று இரண்டு செயற்கைக்கோள்களைக் கட்டி ஏவி, அவற்றின் போர்ஷன்களில் பெரும்பங்கை தேவாஸுக்கு வாடகைக்கு விடுவது. கூடவே எஸ்-பேண்ட் அலைவரிசையில் 70 மெகாஹெர்ட்ஸ். வீடு இன்னும் கட்டவே இல்லை, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. 2011 பிப்ரவரி 17 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு, அந்த அலைவரிசை நாட்டின் பாதுகாப்புத் தேவைகளுக்கு வேண்டும் என்று முடிவெடுத்தது. எட்டு நாளில் ஆண்ட்ரிக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. வீட்டுக்காரர் வார்த்தையில் சொன்னால், "பொண்ணு குடும்பம் வருது, காலி பண்ணுங்க."

அப்புறம் நடந்ததைச் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நான் சொல்லும்போது, போர்டில் அம்புக்குறி போட இடம் போதாது. பன்னாட்டு வணிகச் சபையின் நடுவர் மன்றம் 2015 செப்டம்பர் 14 அன்று ஆண்ட்ரிக்ஸ் 56.25 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றது, வட்டி தனி. அதற்குப் பதினெட்டு நாள் முன்னால்தான் ஜிசாட்-6 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போயிருந்தது. தேவாஸின் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தங்களின் கீழ் இந்திய அரசின் மேலேயே தனி வழக்குகள் தொடுத்து அவற்றிலும் ஜெயித்தார்கள். ஜெயித்தது சரி, பணம்? 2021 கடைசியில் கனடாவில் ஏர் இந்தியாவுக்கு வரவேண்டிய பணத்தைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் போனது. இங்கே ஆண்ட்ரிக்ஸ் வேறு வாசல் வழியாக வந்தது: தேவாஸ் நிறுவனமே மோசடியாகத் தொடங்கப்பட்டது, அதைக் கலைக்க வேண்டும் என்று. 2022 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, கலைப்பு உத்தரவை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பையே ரத்து செய்தது. முடிந்ததா? இல்லை. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை அமல்படுத்தும் வழக்கு அங்கே விசாரிக்கத் தக்கது என்ற வழியைத் திறந்துவிட்டு, கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லி இந்தக் கட்டுரையைச் சண்டைக்களமாக்க விருப்பமில்லை. என் தொழில் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான். 2005இல் போட்ட ஒப்பந்தம் ஒன்று, இருபது வருஷம் கழித்தும் பல கண்டங்களில் வக்கீல்களுக்குச் சோறு போடுகிறது. வழக்கின் மையமான இரண்டு வீடுகளில் ஒன்று, அதாவது ஜிசாட்-6ஏ, 2018 மார்ச்சில் ஏவிய சில நாட்களிலேயே தொடர்பு அறுந்துபோனது. இந்த இருபது வருஷத்தில் ஏதாவது ஒரு மத்தியானம், ஒரு சின்ன அறையில், இரு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பேன். மாம்பலத்து மோட்டார் மாதிரி ஏதோ ஒன்று அங்கேயும் இருந்திருக்கும்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. விண்வெளிச் சட்டத்தின் மிகப் பிரபலமான இழப்பீட்டுக் கதையே அப்படித்தான் முடிந்தது.

1978 ஜனவரி 24 அன்று சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 என்ற செயற்கைக்கோள் கனடாவின் வடக்குப் பனிநிலத்தில் சிதறி விழுந்தது. அதற்குள் யுரேனியத்தில் ஓடும் அணு உலை ஒன்று. பனியில் மாதக்கணக்கில் கதிர்வீச்சுத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். இதற்கென்றே 1972இல் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை போட்டு வைத்திருந்தார்கள்: ஒரு நாட்டின் விண்பொருள் தரையில் விழுந்து சேதம் செய்தால், தப்பு யாருடையது என்ற கேள்வியே கிடையாது, ஏவிய நாடு கொடுத்தே ஆக வேண்டும். கோரிக்கையைச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். கனடா எப்போது கொடுத்தது தெரியுமா? 1979 ஜனவரி 23. லிமிடேஷன் முடிய ஒரே நாள் பாக்கி. இதைப் படித்த அன்றைக்குத்தான் விண்வெளிச் சட்டம் நம் ஆட்களுடைய துறைதான் என்று எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

கேட்ட தொகை 60,41,174 கனடா டாலர், 70 சென்ட். அந்த எழுபது சென்ட் எனக்கு மிகவும் பிடிக்கும். யாரோ ஒரு குமாஸ்தா ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் போட்டிருக்கிறார். பேச்சுவார்த்தை தோற்றால் மூன்று பேர் கொண்ட கோரிக்கை ஆணையத்திடம் போகலாம் என்று உடன்படிக்கையில் இருக்கிறது. யாரும் போகவில்லை. 1981 ஏப்ரலில் சோவியத் யூனியன் 30 லட்சம் டாலர் கொடுத்தது. கனடா அத்தோடு எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தது. பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஒரு வரி இல்லை. கேட்டதில் ஏறக்குறையப் பாதி, தப்பை ஒத்துக்கொள்ளாத கையெழுத்து, முழுத் தீர்வு. சமரச மையத்தில் வாரத்துக்கு நாலு உடன்படிக்கை இதே அச்சில் எழுதுகிறோம்.

"மேடம், ஸ்பேஸ் லா படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டு மாணவர்கள் எழுதுகிறார்கள். 1967, 1972 என்று உடன்படிக்கைகளை மனப்பாடம் செய்தால் மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டியில் பரிசு கிடைக்கும். அலுவலகத்தில் கேட்பது வேறு. அலைவரிசை அனுமதி, தனியார் விண்வெளி வேலைகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் ஒப்புதல், காப்பீடு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு, சப்ளையர் ஒப்பந்தம். இந்தியாவில் விண்வெளிக்கென்று தனிச் சட்டமே இன்னும் இயற்றப்படவில்லை. 2017இல் ஒரு வரைவு மசோதா வந்தது, நின்றுவிட்டது. 2023இன் விண்வெளிக் கொள்கையும் அதன் கீழ் வந்த வழிமுறைகளும்தான் கையில் இருக்கின்றன. ஏவுதல் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இன்னொரு ஷரத்து உண்டு: உன் நஷ்டம் உனக்கு, என் நஷ்டம் எனக்கு, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை. ராக்கெட் வெடித்தால் கோர்ட்டில் கூட்டம் கூடாததற்கு இது ஒரு காரணம். அதனால் முதலில் ஒப்பந்தச் சட்டத்தை ஒழுங்காகப் படியுங்கள் என்றுதான் பதில் போடுகிறேன். நிறையப் பேர் அதற்கு அப்புறம் எழுதுவதில்லை.

என்னிடம் வந்த "ராக்கெட் கேஸ்" ஒன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. ஒரு சின்ன ராக்கெட் நிறுவனத்துக்கு வால்வு உடல் கடைந்து கொடுத்தார்கள். நாற்பது உருப்படியில் முப்பத்தியொன்றை நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது, பணமும் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் நோட்டீஸ் விட்டு, வழக்குப் போடும் முன் கட்டாயமான சமரசத்துக்காக வந்தார்கள். நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளருக்கு இருபத்தாறு வயது இருக்கும். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, துவாரத்தின் விட்டம் இத்தனை மைக்ரான் கூடுதல் என்றார். பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த டிராயிங்கை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் எண்ணெய்க் கறை. "தம்பி, இதுல இருக்குறபடிதானே போட்டேன்?" கீழ் மூலையில் சின்ன கட்டத்தில் ரெவிஷன் பி என்று இருந்தது. லேப்டாப்பில் அதே இடத்தில் ரெவிஷன் சி.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. புது டிராயிங் மின்னஞ்சலில் போயிருக்கிறது. போனது பட்டறைக்காரரின் மகனுடைய முகவரிக்கு. மகன் அப்போது படிப்புக்காக வெளியூர் போயிருந்தான். அதற்கு அப்புறம் சட்டம் பேச எதுவும் இல்லை. உலோகத்தின் விலையை நிறுவனம் கொடுத்தது, கூலியில் பாதியைப் பட்டறைக்காரர் விட்டார், இனி ஒவ்வொரு டிராயிங்கும் பட்டறை போர்மேனின் வாட்ஸப்புக்கும் போக வேண்டும் என்று எழுதினோம். அந்தக் கடைசி ஷரத்தைக் கேட்டு வாங்கியது அந்த இளம் பொறியாளர்தான். பட்டறைக்காரர் போகும்போது, நல்லபடியாக வந்த ஒன்பதில் ஏதாவது மேலே போகுமா என்று அவரிடம் கேட்டார். சோதனைக்குத்தான் என்று அவர் சொன்னதும் கொஞ்சம் முகம் வாடியது.

போன வருஷம் பழவேற்காட்டில் ஒரு சட்ட உதவி முகாம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று இந்தக் கிராமங்களுக்கு அறிவிப்பு வரும். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று மனுக்கள் வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த இளைய வக்கீல் சும்மா இருக்காமல், "மேடம் ராக்கெட் சட்டமெல்லாம் படிச்சவங்க" என்று சொல்லிவைத்தான். அறுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, அது எங்க போட்டு மேல விழுந்தா என்ன கிடைக்கும்?"

எனக்குத் தெரிந்த கேள்வி, பதிலும் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. 1972 உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்கிறது. இந்திய ராக்கெட்டின் துண்டு இலங்கைப் படகில் விழுந்தால் இந்தியா கேள்வி கேட்காமல் கொடுத்தாக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்துதான் போகிறது. பழவேற்காட்டுப் படகில் விழுந்தால் உள்நாட்டுச் சட்டம். தனிச் சட்டம் இல்லாததால் பொதுவான இழப்பீட்டு வழக்கு, இல்லையென்றால் அரசு மனது வைத்துக் கொடுப்பது. கடலுக்குப் போகாமல் கழிந்த நாளின் வருமானமோ, எந்தப் பொருளும் எதன் மேலும் விழாததால், அந்த உடன்படிக்கையின் கணக்கில் சேதமே இல்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் ஓட ஆரம்பித்தால், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலும் இந்த நாற்காலியை யாராவது இழுத்துப் போடுவார்கள்.

இதையெல்லாம் முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். கூடவே கனடா கதையையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெறும் கையோடு அனுப்ப மனசில்லை.

அவர் கவனமாகக் கேட்டார். "அந்தக் கனடாக்காரன் எவ்வளவு கேட்டான்?"

"அறுபது லட்சம் டாலர்."

"எவ்வளவு குடுத்தாங்க?"

"முப்பது."

"பாதி" என்றார். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து, "மீன் ஏலத்துல நம்ம யாவாரி பண்ற மாதிரியேதான்டா" என்றார். அப்புறம் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அவர் மனைவியின் உதவித்தொகை மனு. மூன்று மாதமாகப் பதில் இல்லை. அதை எழுத ஆரம்பித்தோம்.